கலியாண எழுத்தில் ஒரு காணி

அந்த எழுத்துக்குக் கணினிக்குள்ளே ஆங்கிலத்தில் நீளமான ஒரு பேர் இருக்கிறது. ஹட்டனில் அந்தச் சின்ன அச்சகத்துக்கு வருகிற யாரும் அந்தப் பேரை ஒரு நாளும் சொன்னதில்லை. முதலாளி மரியரட்ணத்திலிருந்து கார்டு மடிக்க வருகிற பெண்கள் வரைக்கும் எல்லோருக்கும் அது கலியாண எழுத்துதான். ஒவ்வொரு எழுத்தும் லேசாகச் சாய்ந்து, பக்கத்து எழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, வாலைச் சுழற்றி நிற்கும். கலியாணக் கார்டு, மஞ்சள் நீராட்டு விழா, ஞானஸ்நானச் சான்றிதழ், ஓய்வு பெறுகிற அதிபருக்கு வாழ்த்து மடல், சாக்கோட்டத்தில் மூன்றாவதாக வந்த பிள்ளைக்குப் பத்திரம் எல்லாவற்றுக்கும் அதுதான். மரண அறிவித்தலுக்கு மட்டும் தொடமாட்டார்கள்.

தமிழுக்கு அந்த எழுத்து கிடையாது. தமிழில் அடித்ததைக் கவனமில்லாமல் அதற்கு மாற்றிவிட்டால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே நொடியில் தலைகால் புரியாத ஆங்கிலச் சுழிகளாகிப் போவார்கள். உடப்புசல்லாவைக்குப் போன நானூறு கார்டு ஒரு தடவை அப்படியே அச்சாகிவிட்டது. வீட்டுக்காரர்கள் பாதியைக் கொடுத்தும் முடித்துவிட்டார்கள். வாங்கினவர்கள், மாப்பிள்ளை வீடு பெரிய இங்கிலீசுக்காரர்கள் போலிருக்கிறது என்று மெச்சிக்கொண்டார்களாம். அழகாக இருப்பதை யாரும் வாசித்துப் பார்ப்பதில்லை. அங்கே கணினியில் எழுத்தடிக்கிற வினோதாவுக்கு இது வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

போன வருஷம் ஆகஸ்ட்டில் ஒரு ஓடர் வந்தது. நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்குக் காணி கொடுக்கிற விழா. அறுபத்து நாலு பேருக்குப் பத்திரம் அடிக்க வேண்டும். அது வினோதா பிறந்த தோட்டம். விழாக் குழுவிலிருந்து வந்தவர் ஒரு தாளை நீட்டினார். இன்னார் இந்தத் திட்டத்தின் பயனாளியாகத் தெரிவு செய்யப்பட்டதை மகிழ்ச்சியோடு உறுதிப்படுத்துகிறோம் என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"எத்தன பேர்ச்சஸ் நெலம், எந்தத் துண்டு, லொட்டு நம்பரு என்னான்னு ஒண்ணுமே காணோமே சேர்," என்று வினோதா கேட்டாள்.

"அதெல்லாம் பொறகு வரும் தங்கச்சி. விழா நாளன்னிக்கி. குடுத்தத அடிங்க. பாத்தா கையெடுத்துக் கும்பிடுற மாதிரி இருக்கணும்."

கும்பிடுகிற மாதிரி அடிப்பது வினோதாவுக்குக் கைவந்த கலை. பழைய கலியாணக் கார்டு ஒன்றைத் திறந்து, மணமக்களின் பேரை எடுத்துவிட்டு, பொன் நிற ஓரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அறுபத்து நாலு பேரையும் கலியாண எழுத்தில் அடித்தாள். தடித்த பால் நிறத் தாளில் அது அரண்மனையிலிருந்து வந்தது போல் இருந்தது. இருபத்தேழாவது பேர் காளியாயி. அவளுடைய அம்மா. அந்த ஒரு பேரை மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாக வைத்தாள். யாருக்கும் தெரியப் போவதில்லை என்று தனக்குள்ளே சிரித்துக்கொண்டாள்.

விழா நடந்தது. மாலை, மேளம், படம் எல்லாம் ஆனது. காளியாயி அந்தப் பத்திரத்தின் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு வைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். இங்கிலீசு தெரியாது. ஆனால் தன் பேரின் முதல் எழுத்து எங்கே சுழிக்கிறது என்று விரலால் காட்டத் தெரியும். அவள் குடியிருந்த தோட்டத்து லயத்துக்கு யார் வந்தாலும் காட்டினாள். "எம்மவ எழுதுனது," என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

நவம்பர் மழையில் அந்த லயத்தின் பின்சுவர் பிளந்தது. பிளவுக்குள் ஒரு கை போகும். வரிசையாக இருந்த பன்னிரண்டு காம்பிரா வீடுகளையும் இடிக்க வேண்டும் என்று வந்து பார்த்த அதிகாரிகள் எழுதிவிட்டுப் போனார்கள். போக இடமில்லாதவர்களைப் பழைய தேயிலை ஸ்டோரில் தடுப்பு அடித்துக் குடிவைப்பது, புது வீடு கட்டும்போது அவர்களுக்கே முதலில் கொடுப்பது என்று தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது. அதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் போட்டார்கள்.

வினோதா ஹட்டனில் போடிங்கில் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்குப் போவாள். தை மாதத்தில் ஒரு ஞாயிறு போனபோது காளியாயி சட்டி பானையைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"ஸ்டோருக்குப் போகவாம்மா கட்டுறீங்க?"

"ஸ்டோருக்கு எதுக்குப் போறேன்? பேரு வேணாமுன்னு சொல்லிப்புட்டேன்ல. காலையில வேல பிரிக்கிற பெரட்டுல நிக்க வச்சு ஒவ்வொருத்தரா கேட்டாங்க. எனக்குக் காணி இருக்குங்க, அந்த எடத்த இல்லாதவங்களுக்குக் குடுங்கன்னேன். வேணாமுன்னு கையெழுத்தும் வச்சாச்சு. வர்ற சனிக்கெழம லயத்த ஒடைக்கிறாங்க. அதுக்குள்ள நம்ம காணியில நாலு கம்பு நட்டு தகரத்தப் போட்டுக்கிறலாம்."

வினோதா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "எந்த எடமுன்னு சொன்னாங்களா?"

"அதுலதான் எழுதியிருக்குமே. நீதான எழுதுன," என்றாள் காளியாயி, சுவரைக் காட்டி.

அதில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்கவில்லை என்பது இந்த உலகத்திலேயே வேறு யாரையும்விட வினோதாவுக்கு நன்றாகத் தெரியும். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா சட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்த அழகைப் பார்த்தபோது வாய் வரவில்லை. எதற்கும் ஆபீசில் காட்டிக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலையில் தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். யோகேஸ்வரன் பெரிய கிளாக்கர். கெட்டவர் இல்லை, கையெழுத்துக்குப் பயந்தவர். பட்டியலில் அம்மாவின் பேரைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று கேட்டபோது அவர் தலையைச் சொறிந்தார்.

"பட்டியல் வெள்ளிக்கெழமையே மேல போயிருச்சும்மா. ஸ்டோருல தடுப்பும் அளந்து அடிச்சாச்சு. வேணாமுன்னு உங்கம்மாவே கையெழுத்து வச்சிருக்காங்க, அத நான் அழிச்சேன்னா என் வேல போயிரும்."

"தெரியாம வச்சிட்டாங்க ஐயா."

"காணி இருக்குன்னு சொன்னாங்களே. நம்பர் என்னா? நம்பர் இருந்தா காட்டுங்க, நாளைக்கே கம்பு நட விடுறேன். எனக்கென்ன வந்துச்சு. நம்பரில்லாம எந்த எடத்த நான் காட்டுறது, சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனாள். இரண்டு மணி நேரம் நின்ற பிறகு காணிப் பிரிவில் ஓர் உத்தியோகத்தர் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலே விரலை ஓட்டி, மிக அழகாக இருக்கிறதே என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு அதை மெதுவாகத் திருப்பித் தந்தார். இதில் இலக்கம் இல்லை, வரைபடம் இல்லை, பதிவு இல்லை, இது வாழ்த்துத் தாள் மாதிரி ஒன்று என்றார். அந்தத் தோட்டத்தில் இன்னும் நில அளவையே நடக்கவில்லையாம். எப்போது நடக்கும் என்று கேட்டாள். அவர் மேசையில் அடுக்கியிருந்த கோப்புகளைப் பார்த்தார். யார் இதை அச்சடித்தது என்று மட்டும் கேட்டார்.

"தெரியாது," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு சத்தம் வராமல் அழுதாள். விழாக் குழுக்காரரின் நம்பருக்கு ஏழு தடவை கோல் எடுத்தாள். ஏழாவது தடவை அவர் எடுத்து, மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்தார். எட்டாவது தடவை அது வேலை செய்யவில்லை.

அம்மா இரவிலும் காலையிலும் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்த எடமுன்னு சொன்னாங்களா, பைப்பு பக்கமா, கோயில் பக்கமா. சனிக்கிழமைக்குப் பிறகு அந்த மனுசி எங்கே படுப்பாள் என்று வினோதா நினைத்துப் பார்த்தாள். போடிங்கில் அவளுக்கே ஒரு கட்டில்தான். இன்னொரு ஆளைச் சேர்க்கமாட்டார்கள். தோட்டத்தை விட்டு வந்தால் காளியாயிக்கு அன்றாடச் சம்பளத்துக்குப் பேர் விழாது, வேலையும் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எல்லாச் சுவரையும் எழுப்பியது தன் கைதான் என்று அவளுக்குப் பட்டது.

புதன்கிழமை மரியரட்ணம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். வினோதா கடைக் கதவைப் பாதி சாத்தினாள். சட்டத்தின் பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பத்திரத்தை வெளியே எடுத்தாள். கணினியில் பழைய கோப்பைத் திறந்தாள். அம்மாவின் பேருக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. அங்கே லொட் நம்பர் என்று ஆங்கிலத்தில் அடித்து, பத்திரம் வாங்கின அறுபத்து நாலு பேரில் அம்மா இருபத்தேழாவது ஆள் என்பதால் இருபத்தேழு என்று போட்டாள். ஏழு பேர்ச்சஸ் என்றும் சேர்த்தாள். எல்லாம் கலியாண எழுத்தில்.

முழுதாகப் புதுத் தாளில் அடித்தால் குங்குமப் பொட்டு இல்லாததை அம்மா கண்டுகொள்வாள். அச்சான தாளிலேயே இன்னொரு வரியை அச்சடிப்பது சின்ன வேலை இல்லை. மயிரிழை பிசகினால் புது வரி தனியாகக் கோணிக்கொண்டு நிற்கும். முதலில் வெற்றுத் தாளில் விட்டு, பத்திரத்தின் மேல் வைத்து, சன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. மேலே ஏற்றினாள். இடது பக்கம் தள்ளியிருந்தது. நகர்த்தினாள். ஐந்தாவது தாளில் சரியாக வந்தது. பத்திரம் ஒன்றுதான். ஒரு தடவைதான் விடலாம். மெஷின் இழுத்து மென்றுவிட்டால் அதுவும் போயிற்று.

குங்குமப் பொட்டு மேலே தெரியும்படி தாளைச் செருகிவிட்டு மாரியாத்தாவைக் கூப்பிட்டாள். இந்த மாதிரி வேலைக்கு ஒரு தெய்வத்தைக் கூப்பிடுவதா என்று தோன்றியது. வேறு யாரையும் கூப்பிட வழியும் இல்லை. மெஷின் தாளை உள்ளே இழுத்து, ஒரு கணம் நின்று, பிறகு வெளியே தள்ளியது.

வரி நேராக வந்திருந்தது. கறுப்பும் ஒத்துப்போயிருந்தது. இரண்டும் ஏழும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்தே அங்கே இருந்தவை போல் நின்றன. வினோதாவுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்ற சந்தோஷம்தான். அதற்குப் பிறகுதான் பாதி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

பின்னேரம் காளியாயியே பஸ் ஏறி வந்துவிட்டாள். வினோதா சட்டத்தைக் கொடுத்துப் புது வரியைக் காட்டினாள்.

"நம்பர் விட்டுப்போச்சாம்மா. போட்டு வாங்கிட்டேன். இருபத்தேழு."

"யாரு போட்டது?"

"ஆபீசுல."

காளியாயி அந்த இரண்டையும் ஏழையும் விரலால் தடவிப் பார்த்தாள். "சொன்னேன்ல," என்றாள். "நீ எழுதுனது எங்க போகும்." பையிலிருந்து அவித்த மரவள்ளிக் கிழங்குப் பொட்டலத்தை எடுத்து மகளின் கையில் வைத்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடினாள். வினோதா அதைப் பிரிக்காமலே மேசை ஓரத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அம்மா போன் எடுத்தாள். கிளாக்கர் ஐயா பத்திரத்தைப் பார்த்தாராம். இருபத்தேழு எங்கே வருகிறது என்று மலை வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவைக் கேட்டாராம். கண்டாக்கு ஐயாவுக்கும் தெரியாதது நல்லதாகப் போயிற்று. கோயிலுக்குக் கீழே, கொழுந்து எடுக்காமல் விட்ட பழைய மலையைக் காட்டி, எங்கேயாவது நடட்டும் என்று சொல்லிவிட்டாராம். நாலு கம்பும் நட்டாயிற்று.

"தண்ணி பக்கம்டி வினோ. காத்தும் கம்மி. நாளைக்கித் தகரம் போடுறோம்."

வினோதா போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மூச்சு நிம்மதியாக வந்தது. அளக்க வருகிறவர்கள் வருஷக் கணக்கில் வரமாட்டார்கள். வரும்போது அங்கே ஒரு வீடு நிற்கும், வீட்டைப் பிடுங்கி எறிய யாருக்கு மனம் வரும் என்று நினைத்துக்கொண்டாள். மாட்டிக்கொண்டால் தான் ஒருத்திதான் மாட்டுவாள். அதுவரை அம்மாவுக்குக் கூரை இருக்கும். இந்தக் கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. மாதத்தின் முதல் வெள்ளி, மரியரட்ணம் தேவாலயத்தில் பூசை முடிந்து ஒன்பதுக்குத்தான் வருவார். எட்டு மணிக்கு வினோதா கடையைத் திறக்க வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். எட்டுப் பேர். எல்லாம் அவர்கள் லயத்து ஆட்கள். துண்டிலும் சிமெண்டுப் பையிலும் சுற்றி ஆளுக்கொரு கண்ணாடிச் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு காளியாயி நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"இவங்களுக்கும் நம்பர் விட்டுப்போச்சு வினோ. ஆபீசுல சொல்லிப் போட்டு வாங்கிக் குடுத்துரு. நாளைக்கி ஒடைக்கப் போறாங்கல்ல, கொஞ்சம் சுருக்கா செய்யச் சொல்லு."

வினோதா அம்மாவின் கையைப் பிடித்தாள். "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க," என்றாள்.

"உள்ள எதுக்கு? நம்ம ஆளுங்கதான. இங்கயே சொல்லு."

சாவி அவள் கையிலேயே இருந்தது. கதவைத் திறந்து எல்லோரையும் உள்ளே விட்டாள். சின்னக் கடை. ஈரத் துணியின் வாடையோடு ஒன்பது பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். இனி ஒரு பொய் சொன்னால் அதைத் தாங்க இன்னும் எட்டுப் பொய் வேண்டும். அவளுக்குத் தெம்பில்லை.

"ஆபீசுல போடலம்மா. நாந்தான் போட்டேன். இந்த மெஷின்ல."

"நீதான போடுவ. அவங்க சொன்னாங்க, நீ போட்ட."

"யாரும் சொல்லல. அந்தக் காணிய இன்னும் அளக்கவே இல்ல. யாருக்கும் நம்பர் இல்ல. இந்தப் பேப்பரு காணி உறுதிப் பத்திரமே இல்லம்மா. கலியாணக் கார்டு மாதிரி ஒண்ணு. மாப்பிள்ள பொண்ணு பேர எடுத்துட்டு உங்க பேரெல்லாம் போட்டேன். அடிக்கிறப்பவே எனக்குத் தெரியும்."

காளியாயி தலையிலிருந்த சாக்கை எடுத்து மடித்தாள். ஒழுங்காக, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்தாள்.

"அப்ப நா நேத்து நட்ட கம்பு?"

பக்கத்துக் காம்பிரா நாகலெட்சுமிதான் பேசினாள். இரண்டு சின்னப் பிள்ளைகளும் படுத்த படுக்கையாக மாமனாரும் உள்ள வீடு அது.

"வேணாமுன்னு நாங்களும் கையெழுத்து வச்சிட்டோமே வினோதா."

"நீங்களுமா? நீங்க ஏன்க்கா வச்சீங்க? ஸ்டோருக்குப் போறேன்னு சொல்லியிருக்கலாமே."

நாகலெட்சுமி வாயைத் திறந்தாள். காளியாயியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். காளியாயிக்கு அவர்கள் மறைக்கப் பார்ப்பது தெரிந்தது.

"நாந்தான் சொன்னேன்," என்றாள். "பெரட்டுல இவங்க யோசிச்சிக்கிட்டு நின்னாங்க. பேரக் குடுத்து வைப்போம், எதுக்கும் இருக்கட்டுமுன்னு லெட்சுமிகூட சொன்னா. நாந்தான் திட்டுனேன். எம்மவ கையால எழுதுன உறுதி, அதுல பொய் இருக்காது, அப்படி இருந்தா அவ எனக்குச் சொல்லியிருக்க மாட்டாளான்னு கேட்டேன். அதக் கேட்டுத்தான் வச்சாங்க. மூணு வீட்டுக்காரங்கதான் என் பேச்சக் கேக்கல. அவங்க இன்னிக்கி ஸ்டோருக்குச் சாமான ஏத்துறாங்க."

வினோதா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு மட்டும் செய்ததாக நினைத்திருந்தாள். தான் வாயை மூடியிருந்ததற்கு ஒன்பது குடும்பம் கையெழுத்து வைத்திருந்தது.

"மன்னிச்சிருங்க," என்றாள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்.

நாகலெட்சுமி சிமெண்டுப் பையைப் பிரித்துச் சட்டத்தை மேசை மேல் வைத்தாள். "பொய்யோ நெசமோ, அந்த நம்பரக் காட்டுனதுக்கு உங்கம்மாவ கம்பு நட விட்டாங்கல்ல. எனக்கும் போட்டுக் குடு."

"அக்கா, ஒண்ணுன்னா கண்ணுல படாது. ஒம்பது பேரு போய் நின்னா கேப்பாங்க. கண்டுபுடிச்சா எல்லாரையும் எழுப்பிருவாங்க. அம்மாவையும் சேத்து. போலிப் பேப்பரு காட்டுனீங்கன்னு உங்க மேலயே கேசு வரும்."

"வரட்டும். நாளைக்கி ராவுக்கு மாமாவ எங்க படுக்க வைக்கிறது, அத மட்டும் சொல்லு. சொல்லிட்டீன்னா நான் இத எடுத்துக்கிட்டுப் போயிர்றேன்."

வெளியே பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. இன்னும் அரை மணி நேரத்தில் மரியரட்ணம் வந்துவிடுவார். அம்மா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவள் காத்திருந்தாள். பிழை செய்த பிள்ளையை அடித்தாவது இழுத்துக்கொண்டு போகிற மனுசி அவள். சின்ன வயதில் பக்கத்து வீட்டுக் கொய்யாப்பழத்தைக் கொண்டுவந்ததற்கு நடு வாசலில் நிற்க வைத்து அடித்தவள்.

காளியாயி மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். நாகலெட்சுமியின் சட்டத்தில் மழைத் துளி நின்றிருந்தது. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து, மகளின் பக்கமாகத் தள்ளிவிட்டாள்.

"இருபத்தெட்டுன்னு போடு," என்றாள். மகளின் முகத்தை அவள் பார்க்கவில்லை.